ரெண்டு ஸ்டட் போன கார், ஜவ்வாது மலை, ஒரு கொக்கித் தராசு

இந்த வாரம் ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். டக்... டக்... டக். வேகம் கூடினா சத்தமும் வேகமா வரும், குறைஞ்சா நிதானமா வரும். காருக்குப் பின்னாடி, இடது பக்கம். அதைக் கேட்ட உடனே நான் என்ன பண்ணேன்னு கேட்டீங்கன்னா, பாட்டு வால்யூமைக் கூட்டினேன்.

ஒரு சனிக்கிழமை அது. சென்னையில இருந்து அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். அக்கா வீடு ஜமுனாமரத்தூர்ல. மாமா அங்க பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில சயின்ஸ் வாத்தியார். திங்கட்கிழமை அப்பாவுக்கு வேலூர்ல கண் ஆபரேஷனுக்கு டாக்டரைப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் மலையில இருக்கலாம்னு திட்டம். போற வழியில காவலூர் வானோக்கு நிலையத்துக்கும் போனோம். 2.34 மீட்டர் விட்டத்துல கண்ணாடி வெச்ச வைணு பாப்பு தொலைநோக்கி அங்கதான் இருக்கு. 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்ச சமயத்துல, உலகத்துல சில இடங்கள்ல இருந்துதான் அதைக் கவனிச்சாங்க, அதுல காவலூரும் ஒண்ணு. அப்படிப்பட்ட இடத்துல இருந்து இறங்கி காட்டு ரோட்டுல வரும்போதுதான் இந்த டக் டக். யுரேனஸ் வளையத்தைப் பத்தி அப்பாகிட்ட வாய் கிழியப் பேசிட்டு, என் கார் சக்கரத்தை இறங்கிப் பார்க்கலை நான்.

ஞாயிறு காலையில மாமாதான் பார்த்தார். பின் இடது சக்கரத்துல நாலு நட் இருக்கணும். மூணுதான் இருந்துச்சு. நாலாவது இருந்த இடத்துல உடைஞ்ச ஸ்டட்டோட அடிப்பாகம் பளபளன்னு தெரியுது. இன்னொரு நட்டை ஸ்பானர் வெச்சுத் திருகினா சும்மா சுத்துது, இறுகவே மாட்டேங்குது. மரை போயிடுச்சு. 'மரை கழண்டவன்'னு நம்ம ஊர்ல ஒருத்தரைத் திட்டுவோம் இல்லையா, அந்த மரைதான். மீதி ரெண்டு நட்டைச் சுத்தியும் செம்மண் பூசின மாதிரி பழுப்பு நிறப் பொடி. அது மண் இல்லை. நட்டும் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இருந்தா இரும்பு தேய்ஞ்சு துருப்பிடிச்சு அப்படி வரும். உங்க கார்ல நட் ஓட்டையைச் சுத்தி அந்தப் பழுப்புக் கோடு தெரிஞ்சா, அந்த நட் லூஸா இருந்திருக்குன்னு அர்த்தம்.

நான் உடனே சொன்னேன், "மாமா, ரெண்டு நல்லா இருக்குல்ல? மெதுவா போளூர் வரைக்கும் இறக்கிடறேன். அங்க பார்த்துக்கலாம்."

அவர் கத்தலை. வகுப்புல கேக்குற மாதிரி கேட்டார். "மலை இறக்கத்துல மெதுவாப் போறதுன்னா என்னடா? பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போறது. பிரேக் எதைப் பிடிக்குது?"

"டிரம்மை."

"டிரம்மையும் சக்கரத்தையும் ஒண்ணாப் பிடிச்சு வெச்சிருக்கிறது எது?"

என்கிட்ட பதில் இல்லை. அவ்வளவுதான், கார் வாசலை விட்டு நகரலை.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கலாம். ஏன்னா வீல் ஸ்டட் என்ன வேலை செய்யுதுன்னு நான் அதுவரைக்கும் தப்பாத்தான் புரிஞ்சு வெச்சிருந்தேன். சுவத்துல ஆணி அடிச்சு சட்டை மாட்டுற மாதிரி, ஸ்டட் மேல சக்கரம் தொங்குதுன்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. ஸ்டட் ஒரு ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவுக்கு நீளுது. நீண்டது பழையபடி சுருங்கப் பார்க்குது. அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப் தட்டோட சேர்த்து நசுக்கிப் பிடிக்குது. சக்கரம் வழுக்காம இருக்கிறது, அந்த ரெண்டு இரும்புத் தட்டுக்கும் நடுவுல இருக்கிற உராய்வால.

எவ்வளவு பலம் அது? எங்க காருக்கு மேனுவல்ல போட்டிருக்கிறது 85 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுல, எண்ணெய் படாத மரையில அந்த அளவுக்கு இறுக்கினா, ஒரு ஸ்டட் தோராயமா மூன்றரை டன் விசையோட இழுத்துப் பிடிக்கும். நாலும் சேர்ந்து 14 டன். சின்னக் காரோட மொத்த எடையே ஒரு டன்னுக்குள்ளதான். இவ்வளவு எதுக்குன்னா, பள்ளம், வளைவு, பிரேக் எதுலயும் அந்த ரெண்டு தட்டும் ஒரு துளிகூட ஒண்ணு மேல ஒண்ணு நகரக்கூடாது. நகர ஆரம்பிச்சா அப்புறம் ஸ்டட் உண்மையாவே ஆணி ஆயிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் வளையும். ஒரு கம்பியை வளைச்சு வளைச்சு உடைப்போம் பாருங்க, அதே கதை. ஒண்ணு உடைஞ்சா பாரம் பக்கத்துல இருக்கிறதுக்குப் போகும். அதனாலதான் ரெண்டு ஸ்டட் போன சக்கரத்துல மீதி ரெண்டை 'நல்லா இருக்கு'ன்னு சொல்லவே முடியாது. அதுங்களும் அடி வாங்கினதுதான்.

சரி, எப்படி ஆச்சு இது? ரெண்டு மாசம் முன்னாடி ஒரு டயர் கடையில டயர் மாத்தினேன். காத்து கன் வெச்சு டர்ர்ர்ர்னு இறுக்கினாங்க. ஒரு நட் கோணலா ஏறினப்பவும் கன்னை விடலை. நான் அங்கதான் நின்னு போன் பார்த்துக்கிட்டிருந்தேன். கோணலா ஏறின மரையில நட் இறுகின மாதிரி தெரியும், ஆனா அந்த இழுவிசை வந்திருக்காது. இன்னொரு பக்கம், அளவுக்கு மேல இறுக்கினாலும் கெடுதல்தான். ஸ்பிரிங்கை ரொம்ப இழுத்துட்டா அது திரும்பச் சுருங்காது இல்லையா? அது மாதிரி ஸ்டட்டும் நீண்டு அப்படியே நின்னுடும். காரோட வர்ற எல் வடிவ ஸ்பானர் சுமார் 30 சென்டிமீட்டர். 70 கிலோ ஆள் அது மேல ஏறி நின்னா 200 நியூட்டன் மீட்டருக்கு மேல போயிடும். தேவை 85. நம்ம வீட்டுல எல்லாரும் செய்றதுதான் இது, நானும் பெருமையாச் செஞ்சிருக்கேன்.

மலையில ஜீப் ஓட்டுற பக்கத்து வீட்டு அண்ணன் சுத்தியலோட வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் தம்பி, இடதா?" பழைய வில்லீஸ் வகை ஜீப்புல இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும். வலது பக்கம் சுத்தினா கழலும், இடது பக்கம் சுத்தினா இறுகும். ஓடுற சக்கரம் தானா நட்டைக் கழட்டிடக்கூடாதுன்னு அப்படி வெச்சாங்க. தெரியாதவன் கழட்டுறேன்னு நெனைச்சு பலமா இறுக்கி, ஸ்டட்டையே முறிச்சதை அவர் நிறைய பார்த்திருக்காராம். இப்போ கார்ல நட்டோட முகம் கூம்பு மாதிரி இருக்கு, சக்கரத்து ஓட்டையில நடு பார்த்து உக்காரும். அதனால ரெண்டு பக்கமும் வலது மரைதான்.

திங்கள் காலை முதல் பஸ்ல நான், அப்பா, அக்கா மூணு பேரும் போளூருக்கு இறங்கினோம். சுமார் 40 கிலோமீட்டர், நல்ல வளைவுகள். ஒவ்வொரு வளைவுலயும் கீழே பள்ளத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருந்துச்சு. நேத்து இதுல இவரை உக்கார வெச்சு நான் ஓட்டறதா இருந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் உக்காந்து, "பஸ் எனக்கு என்ன புதுசா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். போளூர்ல அவங்க ரெண்டு பேரும் வேலூர் பஸ் மாறினாங்க. நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் தேடினேன்.

கையில உடைஞ்ச ஸ்டட்டோட துண்டும் ஒரு நட்டும் இருந்துச்சு. கடைக்காரர் கேட்டது, "12க்கு ஒண்ணேகாலா, ஒன்றரையா?" 12ங்கிறது விட்டம். அடுத்தது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டர்ல. மாருதி கார்கள்ல பொதுவா ஒண்ணேகால், ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவுல ஒன்றரை. ஒண்ணுக்கு ஒண்ணு போட்டா ரெண்டு மூணு சுத்து ஏறும், அப்புறம் இறுகும். 'சரியாப் போச்சு'ன்னு நினைச்சு ஸ்பானர் போட்டீங்கன்னா ரெண்டும் காலி. கையாலயே நட் கடைசி வரைக்கும் வழுக்கிப் போகணும், அதுதான் டெஸ்ட். இன்னொண்ணும் பார்க்கணும். ஸ்டட்டோட தலைக்குக் கீழே பல் பல்லா வரி இருக்கும். ஹப் ஓட்டைக்குள்ள கடிச்சு நிக்கிறது அதுதான். அந்தப் பகுதியோட விட்டமும் நீளமும் பழசு மாதிரியே இருக்கணும். நான் உடைஞ்சதுக்கு மட்டும் வாங்கலை, நாலுக்கும் வாங்கினேன், நாலு நட்டோட. ஒரு ஸ்டட்டோட விலை ஒரு சினிமா டிக்கெட்டை விடக் கம்மி.

போக்ஸ்வேகன், ஸ்கோடா வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க கார்ல ஸ்டட்டே கிடையாது, நேரா போல்ட். போல்ட் கெட்டா அதை மாத்திடலாம், ஹப்புல மரை போனாத்தான் தலைவலி.

இனி வேலை. பின் சக்கரமா இருந்தது எங்க அதிர்ஷ்டம். எங்க கார்ல பின் டிரம்மும் ஹப்பும் ஒரே துண்டு, நிறைய சின்னக் கார்கள்ல அப்படித்தான். நடுவுல இருக்கிற பெரிய நட்டைக் கழட்டினா டிரம் பேரிங்கோட வெளியே வந்துடும். தரையில வெச்சு வேலை பார்க்கலாம். முன் சக்கரத்துல கேலிப்பர், டிஸ்க் ரெண்டையும் கழட்டணும். கேலிப்பரை பிரேக் ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டுக் கட்டணும். அப்புறமும் ஸ்டட் பின்பக்கமா வெளியே வர இடம் இருக்கான்னு ஹப்பைச் சுத்திப் பார்க்கணும். சில கார்கள்ல இடமே இருக்காது, நக்கிளையே கழட்டணும். அது முதல் தடவை செய்றவங்களுக்கு வேண்டாம்.

காரைத் தூக்குறதுல ஒரு கண்ணி இருக்கு. பின் டிரம் வெளியே வரணும்னா ஹேண்ட் பிரேக்கை விட்டாகணும். அப்போ காரைப் பிடிச்சு நிக்கிறது கியரும் முன் சக்கரத்துக்கு முட்டு கொடுத்த கல்லும்தான். அதனால முதல் கியர் போட்டு, ரெண்டு முன் சக்கரத்துக்கும் முன்னாலயும் பின்னாலயும் பெரிய கல் வெச்சோம். நடு நட்டோட காட்டர் பின்னை எடுத்துட்டு, கார் தரையில நிக்கும்போதே நட்டை இளக்கினோம். தூக்கினதுக்கு அப்புறம் அதை பலம் போட்டு இழுத்தா கார் ஜாக்கியில இருந்து சரியும். வாசல் மண் தரை, ஜாக்கிக்கு அடியில அகலமான பலகை. காருக்கு அடியில மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, அது மேல பாரத்தை இறக்கினோம். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும், தாங்குறதுக்கு இல்லை. கழட்டின சக்கரத்தையும் அடியில தள்ளி விட்டோம்.

மரை போன நட் சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி பெரிய ஸ்க்ரூ டிரைவரை நெம்புற மாதிரி கொடுத்து வெளிப்பக்கம் தள்ளிக்கிட்டே திருகினோம். மரை ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நட்டோட வெளியே வந்துச்சு. அதை இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன்.

டிரம்மை எடுத்ததும் பேரிங் மேல துணி போட்டு மூடினோம். உள்ள இருக்கிற பிரேக் தூசியை ஊதக்கூடாது, ஈரத் துணியால துடைக்கணும். டிரம்மைக் கவிழ்த்து வெச்சு, தட்டப் போற ஸ்டட்டோட தலைக்கு நேர் கீழே ஒரு பைப் துண்டு. தலை அந்த பைப்புக்குள்ள விழுற அளவு. இதை ஏன் சொல்றேன்னா, டிரம் வார்ப்பிரும்பு, அந்தரத்துல வெச்சு அடிச்சா கீறல் விடும். கார்லயே வெச்சு அடிச்சா இன்னொரு நஷ்டம். அந்த அடி பேரிங் குண்டுகள் வழியாப் போய்த்தான் அச்சுல இறங்கும். குண்டு ஓடுற பாதையில சின்னச் சின்னக் குழி விழும். ஸ்டட் புதுசு, ஆனா ஒரு மாசத்துல பேரிங் 'ஊஊஊ'ன்னு அழும். தரையில வெச்சு அடிச்சா விசை பைப் வழியாத் தரைக்குப் போயிடுது.

நல்லா இருந்த ரெண்டு ஸ்டட்டும் நாலு அடியில விழுந்துச்சு. உடைஞ்சது ஹப்போட மட்டத்துல முறிஞ்சிருந்ததால, ஒரு பழைய போல்ட்டை அதன் மேல வெச்சு அண்ணன்தான் அடிச்சார். எண்ணெய் கொஞ்சம் விட்டோம், டிரம்மோட உள்பக்கம் படாம. அங்க ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் பிடிக்காது. ஓட்டைகளை வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தோம். உள்ளே பழைய வரிகள் தெளிவா இருந்துச்சு. அது வழவழன்னு தேய்ஞ்சிருந்தா புது ஸ்டட் கடிக்காது, டிரம்மே புதுசு வாங்கணும். சக்கரத்து ஓட்டை முட்டை வடிவமா நீண்டிருந்தாலும் அந்தச் சக்கரம் குப்பைக்குத்தான். எங்களோடது தப்பிச்சது.

புது ஸ்டட்டை அடிச்சு ஏத்தலை, இழுத்து ஏத்தினோம். பின்பக்கமா செருகி, வரிகளைப் பழைய வரிகளோட பொருத்தி, முன்பக்கம் கெட்டியான வாஷர்கள் நாலஞ்சு. வாஷர்களுக்கு நடுவுல கொஞ்சம் கிரீஸ். அப்புறம் ஒரு பழைய நட்டைத் திருப்பிப் போடணும், தட்டையான பக்கம் வாஷரைப் பார்க்கிற மாதிரி. பழைய நட் ஏன்னா இந்த வேலையோட அதன் ஆயுசு முடிஞ்சது. டிரம் சுத்தாம மாமா ஒரு கம்பியால நெம்பிப் பிடிச்சுக்கிட்டார். திருகத் திருக ஸ்டட் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வருது, கையில ஒரே சீரான கனம் தெரியும். தலை போய் உக்கார்ந்ததும் திடீர்னு கல் மாதிரி நிக்கும். அங்க நிறுத்தணும். பின்னாடி தலைக்கும் ஹப்புக்கும் நடுவுல ஒரு காகிதம்கூட நுழையக்கூடாது. இடைவெளி இருந்தா, கார் ஓடும்போது ஸ்டட் மெல்ல உள்ள போகும், நட் லூஸாகும், ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுவோம்.

இப்போ மரையில ஒட்டியிருந்த கிரீஸை பெட்ரோல் துணியால சுத்தமாத் துடைச்சேன். வழுக்கட்டுமேன்னு எண்ணெய் விட்டிருவோம், சகஜம். ஆனா மேனுவல்ல இருக்கிற 85, காய்ஞ்ச மரைக்கான கணக்கு. எண்ணெய் விட்டா அதே பலத்துக்கு ஸ்டட் இன்னும் நிறைய நீளும்.

டிரம்மை மாட்டி, நடு நட்டை இறுக்கி, புது காட்டர் பின் போட்டோம். சக்கரமும் ஹப்பும் ஒட்டுற முகத்தைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சோம். அந்தத் துருவோட வெச்சு இறுக்கினா, துரு உதிர்ந்ததும் இறுக்கமும் போயிடும். நாலு நட்டையும் கையால ஏத்தினோம், எதிரெதிரா.

பிரச்சினை இங்கதான். டார்க் ரெஞ்ச் இல்லை. ஊர்ல யார்கிட்டயும் இல்லை. 'கைப்பழக்கம் போதும்'னு அண்ணன் சொன்னார், அவர் கை போதும்தான், ஆனா எனக்கு நம்பிக்கை வரலை. மாமா உள்ள போய் சாமையும் புளியும் எடை போடுற கொக்கித் தராசை எடுத்துட்டு வந்தார்.

ரொம்ப எளிமையான கணக்கு. ஸ்பானருக்கு ஒரு பைப் மாட்டி, நட்டோட நடுவுல இருந்து சரியா 50 சென்டிமீட்டர்ல ஒரு கோடு. அங்க தராசைக் கொக்கி போட்டு, பைப்புக்கு நேர் செங்குத்தா இழுக்கணும். 85ஐ அரை மீட்டரால வகுத்தா 170 நியூட்டன், அதாவது 17 கிலோ 300 கிராம். தராசு முள் 17ஐத் தாண்டி நிக்கிற வரைக்கும் மெதுவா இழுத்தேன். எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா! இவ்வளவுதானான்னு ஆயிடுச்சு. நான் இத்தனை வருஷமா அது மேல ஏறி நின்னுக்கிட்டிருந்தேன். நடு நட்டையும் அதே தராசுதான் இறுக்குச்சு, இன்னும் நீளமான பைப் வெச்சு, மேனுவல்ல அதுக்குப் போட்டிருந்த அளவுக்கு.

வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, ஹேண்ட் பிரேக் பிடிக்குதான்னு பார்த்தோம். ஊருக்குள்ளயே ரெண்டு ரவுண்டு. சத்தம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மலை இறங்கினேன், பாட்டு போடாம. புது ஸ்டட் போட்டா 50லிருந்து 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பார்க்கணும். லண்டன் பஸ் சக்கரங்கள்ல ஒவ்வொரு நட்டுலயும் மஞ்சள் பிளாஸ்டிக் முள் மாட்டியிருக்கிறதை போட்டோவுல பார்த்திருப்பீங்க. ஒரு முள் திசை மாறினா நட் நகர்ந்திருக்குன்னு டிரைவருக்குத் தெரியும். நான் மாமா வீட்டுல இருந்த வெள்ளை பெயின்ட்டால நட்டுலயும் சக்கரத்துலயும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கிட்டேன். போளூர்ல வண்டியை ஓரங்கட்டி, வீல் ஆறினதும் தராசை மாட்டினேன். மூணு அசையலை. நாலாவது நூலளவு நகர்ந்து நின்னுச்சு. வேலூர் போய் அப்பாவைக் கூட்டிக்கிட்டேன். அவர் கண்ணுல கட்டோட கேட்டார், "அந்தச் சத்தம் இப்ப வரலையே?" அன்னைக்கு ராத்திரி அவரும் கேட்டிருக்கார்.

தராசு இன்னும் என் டிக்கியிலதான் கிடக்கு. சாமை எடை போடணும்னு மாமா ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.